கேட்டலும் கேண்மையும்

திருவள்ளுவர் பொருட்பாலிற் ‘கல்வி’, ‘கல்லாமை’ என்னும் இரண்டு அதிகாரங்களைக் கூறியபின், ‘அறிவுடைமை’யைக் கூறுமுன், இடையே ‘கேள்வி’ என்றோர் அதிகாரத்தை வைத்தனர். அது 42-ஆம் அதிகாரம். இம்முறைவைப்புக் கருதத்தக்கது. கற்றவனும் கேளானாயின் அறிவுடையன் ஆகான் என்பதும், கல்லாதவனும் கேட்பானாயின் அறிவின் வாயிலை அடைவான் என்பதும் அதனாற் போதரும். மேலும், ‘கேள்’ என்னும் சொல் நம் மொழியில் மூன்று பொருள் தருகின்றது. செவிகொடு என்பது ஒன்று. வினவு என்பது மற்றொன்று. உறவு என்பது பிறிதொன்று. கேளிர் எனின் உறவினர். கேண்மை எனின் நட்பு. ஒருவர்க்குச் செவிகொடுத்தலையும், அவரை வினவுதலையும், அவர்க்கு உறவாதலையும் ஒரு சொல்லால் உணர்த்தும் மொழியை நாம் தாய்மொழியாகப் பெற்றுள்ளோம். கிறிஸ்து பெருமானின் திருச்சபைக்கும் உரியவராயுள்ளோம். இவ்விரு பேறும் உடைய நம்மிடையே இன்னும் கேட்கப்படாத குரலொன்று உண்டு. அதனைப் பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆணுக்கு ஆணிடத்தும், பெண்ணுக்குப் பெண்ணிடத்தும் இயல்பாகவே அன்பீர்ப்பு உண்டாகப் பெற்றோர் உளர். பிறந்தபொழுது ஆணென எழுதப்பட்டுத் தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையரும், பெண்ணென எழுதப்பட்டுத் தம்மை ஆணென உணரும் திருநம்பியரும் உளர். ஆங்கில முதலெழுத்துக்களால் ‘எல்.ஜி.பி.டி.க்யூ.’ என்று தொகுத்துச் சுட்டப்படும் இவர்களைத் தமிழிற் பால்புதுமையர் என வழங்குகின்றனர். இவர்களெல்லாம் தொலைதேயத்தார் என்றும், பெருநகரங்களில் ஊர்வலம் செல்வோர் என்றும் நம் சபையாருட் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் பிழை. ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நின்று பாடும் இளைஞருள்ளும், ஓய்வுநாட் பள்ளியிற் சிறுவர்க்குக் கதை சொல்லும் மங்கையருள்ளும், திடப்படுத்தல் ஆராதனையிற் பேராயர்முன் முழங்காற்படியிடும் பிள்ளைகளுள்ளும் இவர்கள் இருக்கின்றார்கள். ஆதலின், ‘இவர்களை உள்ளே விடலாமா?’ என்னும் வினாவே பொருந்தாது. ‘உள்ளே இருக்கும் இவர்களை நாம் கேட்கின்றோமா?’ என்பதே வினவத்தக்கது.

இதற்குத் திருமறையினின்றும் ஒரு சான்று காட்டுதும். அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பியர் ஒருவர் எருசலேமிற் தொழுதுவிட்டுத் தேரிலேறி மீள்கின்றார். அவர் கந்தாகே அரசியின் கருவூலத்துக்குத் தலைவர். நம் ஆலயங்களில் நெடுங்காலமாக வாசிக்கப்பட்டுவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவரை ‘மந்திரி’ என்றே குறிக்கின்றது. ஆயின், கிரேக்க மூலத்தில் அவரைக் குறிக்கும் சொல் ‘யூனுகோஸ்’ என்பது. அதன் நேர்ப்பொருள் அண்ணகர் என்பதாம். அரண்மனை அலுவலரையும் அச்சொல் குறித்தல் உண்டு ஆதலின், மொழிபெயர்த்த பெரியோரைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. எனினும், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவர் அவ்வதிகாரத்தை வாசித்தும், தேரில் இருந்தவர் இன்னாரென்று அறியாமலே வீடு திரும்பியிருக்கின்றனர். அவர் நம் வேதத்தினுள்ளேயே இருந்தார். நமக்குத்தான் அவர் தெரியவில்லை. சபையினுள் இருந்தும் தெரியாதிருக்கும் இளைஞரின் நிலையும் இத்தகையதே.

அவர் யாரென்று அறிந்தபின் அவ்வரலாறு புதுப்பொருள் தருகின்றது. உபாகமம் 23-ஆம் அதிகாரம் அத்தகையாரைக் கர்த்தரின் சபைக்குப் புறம்பாக்கிற்று. ஏசாயா 56-ஆம் அதிகாரமோ, மக்கட்பேறு உடையோர் அடையும் பெருமையினும் மேலானதொரு பெருமை கடவுளின் இல்லத்தில் அவர்க்கு உண்டென்று உறுதி கூறுகின்றது. அந்த ஏசாயாவின் சுருளையே அவர் கையில் ஏந்தி வாசித்துக்கொண்டிருந்தார். பிலிப்பு செய்தது என்னை? ஓடிச்சென்று தேரை அணுகினார். அவர் வாசிப்பதைக் கேட்டார். பொருள் விளங்குகின்றதா என வினவினார். அழைத்தபின் ஏறி அருகே அமர்ந்தார். அவர் எழுப்பிய வினாவினின்றே தம் உரையைத் தொடங்கினார். ஞானஸ்நானம் பெறத் தமக்குத் தடை யாதென்று அவர் கேட்டபொழுது, விசுவாசம் ஒன்றனையன்றிப் பிறிதொன்றையும் பிலிப்பு வேண்டவில்லை. அக்கால அண்ணகரும் இக்காலப் பால்புதுமையரும் ஒருவரே என்று யாம் சாதிக்க வரவில்லை. உடலைக் காரணங்காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவரிடம் ஆதித் திருச்சபை எவ்வாறு நடந்துகொண்டது என்பதையே ஈண்டு எடுத்துக்காட்டினோம்.

‘இவையெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த புது நாகரிகம்’ என்பார் உளர். தமிழ் பயில்வோர் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கம் 4-ஆம் நூற்பாவில், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை எடுத்துக்கொண்டு, அதனைத் தெய்வப் பெயரோடு ஒருங்குவைத்து, உயர்திணை முடிபு கொள்ளுமென விதித்தனர். அவ்வியலிலேயே, அப்பெயர் ஆண்பாற் சொல்லோடு முடிதல் கூடாதென்றும் வரைந்தனர். பிற்காலத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அவரவர் அவாவிய பாலையே அவர்க்குரிய பாலாகக் கொண்டனர். ஆயினும், அவர்கள் அஃறிணை போலவும் ஆவர் என ஒரு வழியையும் திறந்துவைத்தனர். ஆகவே இருவழியும் நம் இலக்கணத்துள் உண்டு. திருநங்கை ஒருவரை ‘அது’ என்று சுட்டி நகைக்கும் சபையார் இரண்டாம் வழியிற் செல்கின்றனர். மக்களெல்லாரும் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டோர் என்று அறிக்கையிடுவோர்க்கு அவ்வழி தகுமோ?

இனி, மேல்நாட்டிலிருந்து வந்தது எது என்று ஆராயின் வேறொன்று புலப்படும். தன்பாலார் கூட்டத்தைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவினையுடைய இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியில் இயற்றப்பட்டது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர் ஐவர், வயதுவந்தோர் தம்முள் இசைந்து தனிமையிற் கொள்ளும் உறவினை அப்பிரிவாற் குற்றமாக்குதல் கூடாதெனத் தீர்ப்பளித்தனர். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் அத்தகைய பிரிவே இல்லை. நம் தமிழ்நாடோ 2008-ஆம் ஆண்டிலேயே திருநங்கையர்க்கென நலவாரியம் அமைத்தது. தன்பாலார் திருமணத்தைச் சட்டப்படி ஏற்க 2023-ல் உச்ச நீதிமன்றம் மறுத்ததும் உண்மையே. ஆகவே, திருமணம் என்னும் வினாவைக் காட்டி நாட்டின் சட்டம் எதுவும் திருச்சபையை நெருக்கவில்லை. நம்மிடம் முதற்கண் வேண்டப்படுவது செவிகொடுத்தலே.

செவிகொடுத்தல் என்பது யாதென அறிதற்கு அண்மையில் ஓர் அரிய எடுத்துக்காட்டு நமக்குக் கிடைத்தது. அது பிறந்த இடம் ஒரு நீதிமன்றம். மதுரையைச் சார்ந்த இளம்பெண்கள் இருவர், தம் அன்பினைப் பெற்றோர் ஏலாமையாற் சென்னைக்கு வந்து, காவற்றுறையின் தொல்லையினின்றும் தம்மைக் காக்குமாறு உயர்நீதிமன்றத்தை வேண்டினர். வழக்கினைக் கேட்ட நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்கு முற்றும் விளங்கவில்லை என்பதை மறையாது, தாமே ஓர் உளவியலாரிடம் சென்றமர்ந்து கேட்டறிந்தார். பின்னரே 2021 ஜூன் 7-ஆம் நாள் தம் விரிவான ஆணையை எழுதினார். ஒருவரது பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயலும் செயல்களை அவ்வாணையில் தடுத்தார். தீர்ப்புக் கூறுதலையே தொழிலாகக் கொண்டவர் கேட்டறியுமுன் தீர்ப்புக் கூறாது நின்றார். தீர்ப்புக் கூறுதல் கடவுளுக்கே உரியதென்று போதிக்கும் சபையாரிற் பலரோ கேளாமுன்னரே தீர்ப்பை முடித்துவைத்திருக்கின்றனர்.

‘வேதம் தடுக்கின்றதே, கேட்டு என்ன பயன்?’ என்பது வலிய வினா. அதனை எள்ளுதல் தகாது. லேவியராகமத்திலும், பவுலடியார் ரோமர்க்கு எழுதிய நிருபத்திலும் உள்ள பகுதிகளை எடுத்துக்காட்டுவோர் திருமறையின்மேற் கொண்ட பற்றினாலேயே பேசுகின்றனர். அப்பகுதிகள் இருவர் உண்மையோடும் இசைவோடும் கொள்ளும் அன்பினையும் குறிக்குமோ, அக்காலத்து விக்கிரக வழிபாட்டையும் வன்செயலையும் சார்ந்த ஒழுக்கத்தையே குறிக்குமோ என்பதில் வேதநூல் வல்லார் இன்றும் வேறுபடுகின்றனர். எமக்கோ, பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஆயினும், அவ்வழக்கைக் கல்லூரி மலரின் சில பக்கங்களில் முடித்துவைக்க யாம் துணியோம். அவ்வழக்கு முடியும்வரை கேட்டலை ஒத்திவைக்க எவர்க்கும் உரிமையில்லை என்பதே எமது துணிபு. கேளாமுன் விடைபகர்தலை நீதிமொழிகள் மடமையென்று இகழ்கின்றது. கேட்டலில் விரைவும் பேசுதலில் நிதானமும் வேண்டுமென யாக்கோபு பணிக்கின்றார். இவற்றின் பொருளில் எவர்க்கும் ஐயமில்லையே!

ஆதித் திருச்சபை இதனைச் செய்துகாட்டிற்று. விருத்தசேதனம் பெறாத புறவினத்தாரை எவ்வாறு ஏற்பது என்னும் வினா எழுந்தபோது, எழுதப்பட்ட நியாயப்பிரமாணம் ஒரு பக்கம் தெளிவாகவே நின்றது. ஆயினும், நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தின்படி, எருசலேமிற் கூடியோர் பேதுரு உரைத்ததைக் கேட்டனர். பின்னர், பர்னபாவும் பவுலும் தாம் கண்டவற்றைக் கூற வாய்திறவாதிருந்து கேட்டனர். அதன் பின்னரே யாக்கோபு முடிபு கூறினார். நம் காலத்தும், தென்னிந்தியத் திருச்சபையும் உறுப்பாயுள்ள ஆங்கிலிக்க ஐக்கியத்தின் பேராயர்கள் 1998-ஆம் ஆண்டு லாம்பெத் மகாநாட்டிற் கூடித் தீர்மானமொன்று செய்தனர். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதென்றும், தன்பாற் கூட்டம் திருமறைக்கு இசையாதென்றும் அதில் உரைத்தனர். அதே தீர்மானத்தில், தன்பாலீர்ப்புடையோரின் அனுபவத்தைக் கேட்போம் என்றும் உறுதி தந்தனர். முற்பகுதியின் கருத்து நம் பிரசங்கபீடங்கட்குப் பழக்கமானதே. பிற்பகுதி நிறைவேறும்பொருட்டு எத்தனை சேகரங்களில் ஒரு மாலைப்பொழுதேனும் ஒதுக்கப்பட்டது? இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்கள், இத்தகையாரை ஒதுக்கிப் புண்படுத்தியமைக்காக 2023 ஜனவரியில் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினர். பல்லாண்டு கேட்டதன் பயன் அது.

கேளாமையால் விளைவது யாது? பன்னிரண்டு வயதிற் பிரசங்கத்தினூடே சொல்லப்படும் கேலி மொழியொன்றைக் கேட்டு, ‘இதனை எவரிடமும் சொல்லலாகாது’ என்று ஒரு பிள்ளை முடிவு செய்கின்றது. தன்னை மாற்றுமாறு இரவுதோறும் தனியே ஜெபிக்கின்றது. மாற்றம் வாராமையாற் கடவுள் தன்னைக் கைவிட்டாரென்று எண்ணுகின்றது. ஆண்டு பல சென்றபின், நம்பத்தக்கவர் எனக் கருதிய ஒருவரிடம் வாய்திறக்கின்றது. அச்சொல் மறுவாரம் பெற்றோர் செவியை எட்டுகின்றது. படிப்பு நிறுத்தப்படுகின்றது, கைப்பேசி பறிக்கப்படுகின்றது, பேயோட்டும் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லப்படுகின்றது, வரன் தேடப்படுகின்றது. இவ்வாறு நெருக்குண்டோருட் சிலர் ஊரைவிட்டுப் போகின்றனர். சிலர் சபையைவிட்டுப் போகின்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கின்றனர். அதன்பின் அடக்க ஆராதனையிற் பேசப்படும் ஆறுதல் மொழிகள் யார்க்குப் பயன்படும்?

ஆதலின், எந்தச் சேகரமும் இன்றே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுதும்.

முதலாவது, சொல்லியதை மறைத்துக் காத்தல். குருவானவரிடமோ, வாலிபர் ஐக்கியத் தலைவரிடமோ, ஓய்வுநாட் பள்ளி ஆசிரியரிடமோ ஓர் இளைஞர் மனந்திறந்தால், அது அவருடைய உடைமை. அவர் இசைவின்றிப் பெற்றோர்க்கும் உரைத்தல் கூடாது. ஜெபக்குறிப்பு என்னும் பெயரால் ஊரறியச் செய்வதோ கொடுமையினுங் கொடுமை. பெயரைக் குறியாமல் ‘நம் சபையில் ஒரு தம்பிக்காக’ என்று கூறினும், அத்தம்பி யாரென்பதைக் கூட்டம் கலையுமுன் எல்லாரும் அறிவர்.

இரண்டாவது, ‘குணப்படுத்தும்’ முயற்சிகளைக் கைவிடுதல். உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலினின்றும் நீக்கிற்று. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் அது நோயன்றென அறிவித்தது. பாலீர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சையை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானதென்று கூறிற்று. மருத்துவர்க்கே தகாததை உபவாசக் கூட்டத்தார் மேற்கொள்ளுதல் எங்ஙனம் தகும்? இளைஞரோடு ஜெபிக்கலாம், அவர் எதற்காக ஜெபிக்க விரும்புகின்றார் என்பதை முன்னே கேட்டறிந்து ஜெபித்தல் வேண்டும்.

மூன்றாவது, விருப்பமில்லாத் திருமணத்தைத் தடுத்தல். நம் ஆலயங்களில் திருமண அறிக்கை மூன்று ஞாயிறு வாசிக்கப்படுதல் வழக்கம். அதற்குமுன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே, பெற்றோர் உடனின்றி, குருவானவர் கண்டு மனமொத்த இசைவு உண்டாவென வினவுதல் வேண்டும். ‘கல்யாணம் ஆனாற் சரியாகிவிடும்’ என்னும் பேச்சால் ஒருவர் வாழ்வு மட்டும் கெடுவதில்லை. ஏதுமறியாது மணமேடைக்கு வரும் மற்றவர் வாழ்வும் உடன்கெடுகின்றது.

நான்காவது, சொல்லைத் திருத்துதல். உயர்நீதிமன்றத்தின் தூண்டுதலால் தமிழ்நாட்டரசு 2022-ல் இத்தகையாரைக் கண்ணியமாகக் குறிக்கும் தமிழ்ச் சொற்றொகுதியொன்றை வெளியிட்டது. வசைமொழிகள் பிரசங்கபீடத்திலும், கிறிஸ்மஸ் நாடக மேடையிலும், வாலிபர் முகாமின் நகைச்சுவை நிகழ்ச்சியிலும் இனி ஒலித்தல் ஆகாது. ஒருவர் தம்மை எப்பெயரால் அழைக்குமாறு வேண்டுகின்றாரோ அப்பெயரால் அழைத்தல் எளிய மரியாதை.

ஐந்தாவது, இடந்தருதல். நம் ஊர்ச் சபைகள் பலவற்றில் ஆடவர் ஒரு பக்கமும் பெண்டிர் ஒரு பக்கமும் அமர்வர். திருநங்கை ஒருவர் உள்ளே வந்தால் எப்பக்கம் அமர்வார்? வாயிலில் நிற்பவர் முகஞ்சுளியாது, ‘எங்கே உட்கார விரும்புகிறீர்கள், அக்கா?’ என்று வினவினால் அவ்வினாவே வரவேற்பாகும். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும், பாடகர் குழுவிலும், திருவிருந்திலும் அவர்க்கு இடமுண்டு என்பது அன்றே தெரிந்துவிடும். இருக்கை பற்றிய வழக்கு நமக்குப் புதிதன்று. தமிழ்ச் சபைகளில் இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமை பாராட்டப்பட்ட காலத்து, அதனை ஒழிக்குமாறு 1833-ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் கட்டளையிட்டார். ‘இது தொன்றுதொட்ட வழக்கம், மாற்றலாகாது’ என்று அன்று வாதித்தோர் பலர். சாதி வேற்றுமை இன்றும் முற்றும் ஒழிந்ததென்று கூறுதற்கில்லை. ஆயினும், அதனை வேதநெறியென்று வெளிப்படையாக வாதிக்க இன்று எவரும் நாணுவர்.

ஆறாவது, பெற்றோரைத் தாங்குதல். தம் பிள்ளையின் உண்மையை அறிந்த தாய்தந்தையர் முதலில் அஞ்சுவது சபையாரின் வாய்க்கே. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்பதே அவர்கள் கலக்கம். குருவானவரும் மூப்பரும் அவ்வீட்டுக்குச் சென்று, ‘உங்கள் பிள்ளை எங்கள் பிள்ளையே’ என்று ஒரு சொற் கூறுவாராயின், அப்பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறும் நிலை பெரும்பாலும் நேராது.

மாணவ நண்பர்காள்! பழைய மாணவப் பெரியோர்காள்! சேகரங்கள் தொடங்கட்டும் என்று நாம் காத்திருத்தல் வேண்டா. நம் கல்லூரியிற் சிற்றாலயம் உண்டு; விடுதிகள் உண்டு; கிறிஸ்தவ மாணவர் கூட்டமும் உண்டு. பருவத்துக்கு ஒரு மாலை, கேட்பதற்கென்றே ஒதுக்குவோம். வருவோர் எவரையும் ‘நீர் யார்?’ என்று வினவாதிருப்போம். பேச விரும்பினோர் பேசட்டும். விரும்பாதோர் அமர்ந்திருந்து செல்லட்டும். அன்று விடைகூறுதலும் வாதிடுதலும் வேண்டா. பழைய மாணவர்களுள் இன்று குருமாராகவும், மருத்துவராகவும், பள்ளித் தலைமையாசிரியராகவும் விளங்குவோர் வந்து நம்மோடு அமர்ந்து கேட்பாராயின், அவர் திரும்பிச் செல்லும் ஊர்களிலும் அதன் பயன் தொடரும்.

பிலிப்பு மறைந்தபின் அந்த எத்தியோப்பியர் மகிழ்ச்சியோடு தம் பயணத்தைத் தொடர்ந்தார் என்று அவ்வரலாறு முடிகின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலயப் படியிறங்கும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் எம்மனநிலையோடு வீடு திரும்புகின்றனர் என்பதை நம் சபையார் என்றேனும் வினவியதுண்டா? இவ்வாண்டு வினவத் தொடங்குவோமாக.